பழைய மேலாளர் என்ன சொல்வார்? பெருந்துறை வேலையை ஏற்பதா, விடுவதா?

2024 ஜூன் 20, வியாழன், இரவு 10.40

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 37. பெருந்துறை சிப்காட்டில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தர மேலாளர் வேலைக்கு இரண்டு சுற்று நேர்காணல் முடிந்து, எடுத்துக்கொள்வதாக வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். ஆஃபர் லெட்டர் தருவதற்கு முன்பு ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறேன்.

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், இதுவரை வேலை பார்த்த ஒவ்வொரு நிறுவனத்திலும் நேரடி மேலதிகாரியாக இருந்தவரின் பெயர், பதவி, கைபேசி எண் ஆகியவற்றைக் கேட்டிருக்கிறார்கள். நான் வேலை பார்த்தவை மூன்று நிறுவனங்கள். முதலாவது இன்று இல்லை. 2011-இல் மூடிய சாயப்பட்டறை அது. இரண்டாவதிலிருந்து 2019-இல் மேலாளரோடு சண்டையிட்டு வெளியே வந்தேன். ரிலீவிங் லெட்டர் இல்லை, அனுபவச் சான்றிதழும் இல்லை. மூன்றாவது இப்போதைய நிறுவனம். நான் வேறு வேலை தேடுவதே அங்கு யாருக்கும் தெரியாது. ஆஃபர் லெட்டர் கைக்கு வருவதற்கு முன் அங்கே ஒரு தொலைபேசி அழைப்பு போய்விட்டால், இருக்கிற இடத்திலும் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

ஜூலை 3 வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். இரண்டாவது நிறுவனத்தின் மேலாளர் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் சொல்லி இந்த வேலை கைநழுவிப் போவதைவிட, "எனக்குச் சௌகரியப்படவில்லை" என்று நானே முதலில் சொல்லி விலகிக்கொள்வது நல்லதா? இந்த நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.


2024 ஜூன் 21, வெள்ளி, காலை 6.15

கேட்டவர்களுக்காக: இப்போதைய சம்பளம் 31,000 ரூபாய், அங்கே 44,000. வீடு பெருமாநல்லூர் பக்கம். நிறுவனப் பேருந்து காலை 7.10-க்கு நால்ரோட்டில் நிற்கும். செங்கப்பள்ளி, விஜயமங்கலம் வழியாகப் போகும். மகன் எட்டாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார், அதனால் காலை நேரத்தைச் சமாளித்துவிடலாம். இப்போதைய நிறுவனத்தில் 2019 டிசம்பர் 2-இல் சேர்ந்தேன். ஐந்து ஆண்டு நிறைந்தால்தான் பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்பதால், இப்போது விலகினால் அதுவும் போகும்.


2024 ஜூன் 23, ஞாயிறு, மாலை 4.20

மூன்றில் எளிதானது முதல் நிறுவனம்தான் என்று நினைத்து அந்தப் பகுதியை இன்று நிரப்ப உட்கார்ந்தேன். மதியம் முழுவதும் அதிலேயே போய்விட்டது.

டிப்ளமோ முடித்து 2008-இல் அந்தச் சாயப்பட்டறையின் லேபில் சேர்ந்தேன். பையர் (சரக்கு வாங்கும் நிறுவனம்) அனுப்பும் துணித்துண்டின் நிறத்துக்கு லேப் டிப் (சிறு துணியில் சாயமிட்ட மாதிரி) போட்டு, லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 விளக்கில் ஒருமுறையும், கடை வெளிச்சத்துக்கு நிகரான டிஎல்84 விளக்கில் ஒருமுறையும் பார்த்து ஒப்புதல் வாங்குவது என் வேலை. ஒரு விளக்கில் பொருந்தும் ஷேடு இன்னொரு விளக்கில் சிவப்படிக்கும். அதைக் கண்ணுக்குப் பழக்கியவர் எங்கள் டையிங் மாஸ்டர். என்னைப் பற்றி முழுமையாகச் சொல்லக்கூடிய ஒரே மேலதிகாரி அவர்தான். 2016-இல் காலமாகிவிட்டார்.

2011 ஜனவரி 28 அன்று, நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடர்ந்த நீதிமன்ற அவமதிப்பு வழக்கில், கழிவுநீரை முற்றிலும் சுத்திகரித்து வெளியே விடாத நிலை வரும் வரை திருப்பூரின் சாய, சலவை ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரே வாரத்தில் எங்கள் பட்டறையின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த உத்தரவைத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. என் அம்மாவின் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. பாசனத்துக்கென்று கட்டிய அந்த அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, கிணறு கெட்டு, தென்னை காய்ந்ததைச் சிறு வயதிலிருந்து பார்த்தவள் நான். அதே தண்ணீரை வெளியே விட்ட தொழிலில் வாங்கிய சம்பளத்தில்தான் அம்மாவுக்கு மருந்தும் வாங்கினேன். சுத்திகரிப்புக்குப் பணம் போட முடிந்தவர்கள் பின்னர் ஒவ்வொருவராகத் திறந்தார்கள். எங்கள் முதலாளி திறக்கவில்லை. மிஷின்களை விற்றுவிட்டு ஊரை விட்டே போய்விட்டார்.

ஆக, அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு ஒரு கைபேசி எண்கூட இல்லை. ஒருவரின் எல்லா பி.எஃப். கணக்குகளையும் இணைக்கும் யு.ஏ.என். எண் முறை 2014-இல்தான் வந்தது என்பதால், அந்த மூன்றாண்டு வேலை இன்றைய பி.எஃப். கணக்கிலும் தெரியாது. வீட்டு டிரங்குப் பெட்டியில் தேடியதில் நியமனக் கடிதம், 2009-10-ஆம் ஆண்டு பி.எஃப். கணக்குச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புத்தகம் ஆகிய மூன்றும் கிடைத்தன. "2011-இல் மூடப்பட்டது, அழைக்க யாரும் இல்லை, நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன" என்று எழுதிவிட்டேன். மூடிய ஆலையில் வேலை பார்த்தவர்கள் இந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறோம். அந்தக் காலத்துக் காகிதத்தை யாரும் எறிந்துவிட வேண்டாம்.


2024 ஜூன் 24, திங்கள், இரவு 9.05

உறவினர் ஒருவரின் எண்ணைக் கொடுத்து, அவரை மேலாளர் போலப் பேச வைத்துவிடலாம் என்று இருவர் அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். ஊரில் பலர் செய்வதுதான் என்றும், பிடிபட மாட்டோம் என்றும் சொல்கிறார்கள். பிடிபடுவோமா இல்லையா என்பது எனக்குப் பொருட்டில்லை. நான் பார்ப்பது தரக் கட்டுப்பாட்டு வேலை. எண்ணிப் பார்த்ததை எண்ணியபடி எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த வேலைக்குள் நுழையும் படிவத்திலேயே பொய்யான எண்ணை எழுதிவிட்டுப் பிறகு எந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவது? இதைச் செய்ய மாட்டேன். இதைப் பற்றி மேலும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


2024 ஜூன் 26, புதன், இரவு 11.30

2019-இல் என்ன நடந்தது என்று பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

அந்த நிறுவனத்தில் 2013-இல் சேர்ந்தேன். ஆறாண்டில் செக்கிங் டேபிளிலிருந்து ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் வரை வந்திருந்தேன். 2019 செப்டம்பரில் 4,800 உருப்படி கொண்ட குழந்தைகள் டி-ஷர்ட் லாட் (ஒரு தொகுதிச் சரக்கு) ஒன்று பரிசோதனைக்கு வந்தது. அந்த அளவு லாட்டில் 200 உருப்படி எடுத்துப் பார்க்க வேண்டும். எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.கியூ.எல். 2.5 கணக்கில், பெரிய குறை 10 வரை இருந்தால் தேறும். 11 ஆனால் தேறாது. நான் கண்டது 13. பெரும்பாலும் ஊசி ஓட்டை; பக்கவாட்டுத் தையலை ஒட்டி வரிசையாக இருந்தது. ஒருமுறை துவைத்தால் ஓட்டை விரிந்துவிடும் இடம் அது. ஒவ்வொன்றிலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி மேசையில் அடுக்கி வைத்துவிட்டு மேலாளரை அழைத்தேன்.

அவர் ஸ்டிக்கர்களை எண்ணக்கூட இல்லை. "எட்டுன்னு எழுதுங்க மேடம். அடுத்த வாரம் கன்டெய்னர் தூத்துக்குடி போகோணும்" என்றார். அந்த பையர் தன் ஆளை அனுப்பாமல் எங்கள் இறுதி அறிக்கையை நம்பியே சரக்கை விடுவிப்பவர். அதனால் என் கையெழுத்து ஒன்றுதான் நடுவில் நின்றது. மாட்டேன் என்றேன். மொத்த லாட்டையும் ரீசெக் செய்து, குறையுள்ளதைப் பிரித்தெடுத்தால் மூன்று நாளில் முடித்துவிடலாம் என்றும் சொன்னேன். ஓவர்லாக் லைன் முழுவதும் கேட்கும்படி அவர் என்னைத் திட்டினார். ஆறாண்டாக என்னை "மேடம்" என்றவர் அன்று "நீ" என்றார். நான் அங்கிருந்து வெளியேறினேன். அந்த மாதத்துச் சம்பளம் தரவில்லை, சான்றிதழும் தரவில்லை. இவருடைய எண்ணைத்தான் அந்தக் கட்டத்தில் நான் எழுத வேண்டும்.


2024 ஜூன் 27, வியாழன், காலை 5.10

நேற்று எழுதியதை அதிகாலையில் எழுந்து மறுபடி படித்தேன். அதில் பொய் இல்லை. ஆனால் முழுமையும் இல்லை. உங்களில் இருபது பேருக்கு மேல் எனக்கு ஆதரவாக எழுதியிருப்பதைப் பார்த்தபோது, அந்த ஆதரவை நான் வாங்கிய விதம் சரியில்லை என்று தோன்றியது. திருத்திவிடுகிறேன்.

அன்றே வெளியேறியதாகப் படும்படி எழுதியிருக்கிறேன். அன்று வெளியேறவில்லை. மேலும் ஆறு நாள் வேலைக்குப் போனேன். லாட் பேக்கிங் மூலையில் கிடந்தது, ரீசெக் நடக்கவில்லை. ஆறாம் நாள் காலையில் அவர் மறுபடியும் அறிக்கையைக் கேட்டார். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அடையாள அட்டையை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நிரப்பாத அறிக்கைப் புத்தகம் மேசைமேல் இருந்தது. எனக்கு அடுத்த நிலையில் இருந்தவள் 21 வயதுப் பெண், வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த அறிக்கை அவள் தலையில்தான் விழும் என்று பேருந்தில் ஏறும்போதே எனக்குத் தெரியும். அதன் பிறகு என்ன ஆயிற்று என்று இந்த ஐந்தாண்டில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலகுபவர் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், அல்லது ஒரு மாதச் சம்பளத்தை ஈடு செய்ய வேண்டும் என்று நான் கையெழுத்திட்ட நியமனக் கடிதத்தில் இருந்தது. நான் இரண்டையும் செய்யவில்லை. அவர்கள் பிடித்துக்கொண்டதை அநியாயம் என்று சொல்ல எனக்கு இடமில்லை.

பொய்யாக எழுத மறுத்தது சரி என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேட்டது குற்றம், திட்டியது குற்றம். ஆனால் அவர் என்னைப் பற்றிச் சொல்லக்கூடியவற்றில் உண்மையும் ஒன்று இருக்கிறது. அதனால்தான் அந்த அழைப்பை நினைத்து இவ்வளவு நடுங்குகிறேன் போலும்.


2024 ஜூன் 30, ஞாயிறு, இரவு 8.50

நகரத்தில் படிவமும் கைபேசி எண்ணும் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் அதற்கு முந்தைய முறை ஒன்று உண்டு: "யார் சொல்லி வந்தீங்க?" என்ற கேள்வி. 2013-இல் எனக்கு அந்த வேலை கிடைத்தது கோபியில் இருக்கும் சித்தப்பா சொல்லித்தான். மேலாளரின் அண்ணனும் சித்தப்பாவும் ஒன்றாகப் படித்தவர்கள். பட்டறை மூடிய பிறகு இரண்டாண்டு குழந்தையோடு வீட்டில் இருந்த எனக்கு, எந்தச் சான்றிதழும் கேட்காமல் வேலை கொடுத்தது சித்தப்பாவின் வாய்ச்சொல்லை நம்பித்தான்.

நான் வெளியேறிய அன்று மாலையே மேலாளர் அவருக்குத் தொலைபேசியில் பேசிவிட்டார். சித்தப்பா என்னிடம் காரணம் கேட்கவில்லை. "உனக்காகச் சொன்ன வாய் அம்மிணி இது. போறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும்" என்று மட்டும் சொன்னார். அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேச்சு சரியாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் உறவில் எந்தப் பிள்ளைக்கும் அவர் வேலைக்குச் சொல்லவே இல்லை.

இன்று அவருக்குப் பேசினேன். பதின்மூன்று குறை, எட்டு என்று எழுதச் சொன்னது, அந்தப் பெண் உட்பட எல்லாவற்றையும் முதல்முறையாகச் சொன்னேன். வெகுநேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நானே அவுங்க அண்ணங்கிட்டப் பேசியிருப்பனே சாமி" என்றார். மேலாளரிடம் இப்போது பேசட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் சித்தப்பா, இந்த முறை அவர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே சொல்லட்டும் என்றேன். இதை எழுதும்போது அந்தத் துணிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனாலும் வார்த்தையை மாற்றவில்லை.


2024 ஜூலை 3, புதன், இரவு 9.40

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். தபாலில் அனுப்பாமல் அரை நாள் விடுப்பு எடுத்து நேரில் போனேன். எச்.ஆர். பிரிவில் இருப்பவர் என்னைவிட இளைய பெண். மூன்றாம் பக்கத்தை அவர் படிக்கும் முன்பே நான் பேச ஆரம்பித்தேன்.

இரண்டாவது கட்டத்தில் மேலாளரின் பெயரையும் எண்ணையும் எழுதி, கீழே இரண்டு வரி சேர்த்திருந்தேன்: "ஒரு இறுதி அறிக்கையில் கண்ட எண்ணிக்கையை மாற்றி எழுத மறுத்ததில் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் விலகினேன். நோட்டீஸ் கொடுக்காமலும் பொறுப்பை ஒப்படைக்காமலும் விலகியது என் தவறு." இந்த இரண்டு வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. முதலில் எழுதியதில் மேலாளரின் குற்றம் நான்கு வரியும் என் தவறு அரை வரியுமாக இருந்தது.

எச்.ஆர். பெண் படித்துவிட்டு, "இப்படி யாரும் எழுதிக் கொடுத்ததில்லைங்க மேடம்" என்றார். பாராட்டாகச் சொன்னாரா, வியப்பாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. இப்போதைய நிறுவனத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள் வைத்தேன்: ஆஃபர் லெட்டர் கொடுத்து நான் ராஜினாமா செய்த பிறகே அங்கு பேச வேண்டும். அது அவர்களுக்கு வழக்கம்தானாம். நான் கேட்காமல் இருந்திருந்தால் யாராவது ஒருவர் எண்ணைப் பார்த்து அழைத்திருக்கவும் கூடும். வாய்மொழியாக விடாமல் அந்தக் கட்டத்திலேயே எழுதி, தேதியும் போட்டுக் கொடுத்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு நிலை இருந்தால் கண்டிப்பாக எழுத்தில் கொடுங்கள்.

கிளம்பும்போது, 2019-இல் உடன் வேலை பார்த்த வேறு யாராவது இருந்தால் அவரிடமும் பேசுகிறோம் என்றார். ஒருவர் இருக்கிறார், ஆனால் அவரிடம் முதலில் நான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.


2024 ஜூலை 4, வியாழன், காலை 6.00

சட்டம் தொடர்பான கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பணிக்கொடை பற்றி நான் முன்பு எழுதியது சரியில்லை. திருத்திய ஈரோட்டு அண்ணனுக்கு நன்றி. நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஐந்தாண்டாகவே கொள்ளலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனக்கு நான்காண்டு 2023 டிசம்பரில் முடிந்துவிட்டது. சம்பளமில்லா விடுப்பு ஒன்பது நாளைக் கழித்தாலும் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் 240 தாண்டிவிடும். அடிப்படைச் சம்பளம் 18,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் ஐந்தாலும் பெருக்கினால் 51,923 ரூபாய். எங்கள் கணக்குப் பிரிவு இதை ஏற்குமா என்று விலகும்போது கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அனுபவச் சான்றிதழைச் சட்டப்படி கேட்டு வாங்கலாமே என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். மாதிரி நிலையாணைகளில் (ஆலைகளின் வேலை விதிகளுக்கு அரசு தரும் மாதிரி) நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிச் சான்றிதழ் பெறும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் என்னைப் போல மேற்பார்வை வேலையில், சட்டம் சொல்லும் வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர் அந்த வரையறைக்குள் வருவதில்லை.

விலகிய பிறகு இரண்டாண்டு திருப்பூர் வட்டாரத்தில் இதே தொழிலில் சேரக் கூடாது என்று என் இப்போதைய நியமனக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.


2024 ஜூலை 7, ஞாயிறு, இரவு 10.15

2019-இல் எனக்கு அடுத்த நிலையில் இருந்த அந்தப் பெண்ணை இன்று பார்த்தேன். பழைய தோழி ஒருத்தி மூலம் எண் வாங்கி, மதியம் புஷ்பா தியேட்டர் நிறுத்தத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. அவள் இப்போது வேறு நிறுவனத்தில் இன்லைன் கியூ.சி. (தையல் நடக்கும்போதே தரம் பார்ப்பவள்). திருமணமாகி இரண்டு வயதுப் பெண் குழந்தை. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். குழந்தை பன்னைத் தேநீரில் நனைத்து நனைத்துத் தன் அம்மாவின் சேலை முந்தானையில் வைத்துக்கொண்டிருந்தது.

அன்று சொல்லாமல் வந்ததற்கு மன்னித்துக்கொள் என்றேன். அவள் உடனே எதுவும் சொல்லவில்லை. குழந்தையின் கையைத் துடைத்துவிட்டுப் பிறகு சொன்னாள்: "அன்னைக்குச் சாயங்காலம் நான்தானுங்க்கா எட்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

எனக்கு வாய் வரவில்லை. நான் ஒட்டிய ஸ்டிக்கர்களை அவளே ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்திருக்கிறாள். பிசின் ஒட்டிய இடத்தில் தடம் தெரியாமல் இருக்க ஈரத் துணியால் துடைக்கவும் சொன்னார்களாம். லாட் போய்ச் சேர்ந்து மூன்று மாதத்தில் பையரிடமிருந்து கிளைம் (குறைக்கு நஷ்டஈடு கேட்பது) வந்திருக்கிறது. அறிக்கையில் யார் கையெழுத்து என்று பார்த்து, அவள் சம்பளத்தில் மாதம் 500 வீதம் நான்கு மாதம் பிடித்திருக்கிறார்கள். அப்போது அவள் சம்பளம் 9,000.

"நீங்க இருந்து திட்டு வாங்கியிருந்தாக்கூட நான் எழுதியிருக்க மாட்டனுங்க்கா. எழுதக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். நீங்களே இல்லைன்னதும் எனக்குப் பயமாப் போச்சு." இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

பிடித்த 2,000 ரூபாயை நான் தருகிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டாள். பெருந்துறை வேலையைப் பற்றிச் சொல்லி, உன் எண்ணைத் தரலாமா, உனக்கு விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்றேன். சிறிது யோசித்தாள். "குடுங்க்கா. வேலை எப்படிச் சொல்லிக் குடுத்தீங்கன்னு கேட்டா அதச் சொல்லுவேன். எப்படிப் போனீங்கன்னு கேட்டா அதையும் சொல்லுவேன்." அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவள் பேருந்து வந்தது. குழந்தை சன்னல் வழியாகக் கையாட்டியது.

ஒரு வாரம் முன்பு வரை, நான் அன்று ஒரு பொய்யான அறிக்கையைத் தடுத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். தடுக்கவில்லை. என் கையெழுத்து அதில் இல்லை, அவ்வளவுதான்.


2024 ஜூலை 12, வெள்ளி, இரவு 9.20

நேற்று எச்.ஆர். பெண் அழைத்தார். பழைய மேலாளர், 2019-இல் என்னோடு இருந்த பெண் இருவரிடமும் பேசிவிட்டார்களாம். மேலாளர் என்ன சொன்னார் என்று கேட்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன். அவரும் மறைக்கவில்லை. "வேலை தெரிஞ்ச பொண்ணுங்க. ஆனா சொல்லாமக் கொள்ளாமப் போயிருச்சு" என்று சொன்னாராம். மறுபடியும் எடுத்துக்கொள்வீர்களா என்ற கேள்விக்கு மாட்டேன் என்றாராம். மொத்தமே இரண்டு நிமிடப் பேச்சு. மூன்று வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்த அழைப்பில் இருந்தது இவ்வளவுதான், அதில் பொய் எதுவும் இல்லை.

அந்தப் பெண் அவர்களிடம் கால் மணி நேரம் பேசியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. "நீங்க எழுதிக் கொடுத்ததும் அவங்க ரெண்டு பேர் சொன்னதும் ஒண்ணா இருக்குதுங்க மேடம்" என்றார் எச்.ஆர். இன்று மதியம் ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வந்தது. பதில் சொல்ல ஜூலை 16 வரை நேரம்.


2024 ஜூலை 14, ஞாயிறு, மாலை 6.30

கடிதம் வந்துவிட்டதே, இன்னும் என்ன யோசனை என்று கேட்கிறீர்கள். என்னைப் பற்றி அவர்கள் விசாரித்தார்கள். அவர்களைப் பற்றி நானும் விசாரிக்க வேண்டும் அல்லவா?

பி.எஃப். அலுவலக இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், மாதந்தோறும் எத்தனை பேருக்கு, என்று பணம் கட்டினார்கள் என்ற விவரம் தெரியும். ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கடந்த இரண்டாண்டைப் பார்த்தேன். ஒரு மாதம்கூடத் தவறவில்லை, ஆள் எண்ணிக்கையும் திடீரென்று குறையவில்லை. சனிக்கிழமை காலை நால்ரோட்டில் அவர்கள் பேருந்துக்கு நின்ற இரண்டு பெண்களிடம் பேசினேன். சம்பளம் ஏழாம் தேதி வந்துவிடுகிறது, ஓவர்டைம் போட்டால் திரும்பும் வண்டி தாமதமாகிறது, கேன்டீன் சாப்பாடு சுமார் என்றார்கள். குறையையும் சேர்த்துச் சொன்னதால் நம்பினேன்.

பணத்தைவிட எனக்கு முக்கியமானது வேறு. 2019-இல் நானும் உற்பத்தியும் ஒரே மேலாளருக்குக் கீழே இருந்தோம். சரக்கை அனுப்ப வேண்டியவரே, அனுப்பக் கூடாது என்று சொல்ல வேண்டியவளுக்கும் அதிகாரி. அந்த அமைப்பு அப்படியே இருந்தால் எந்த ஊரில் வேலை பார்த்தாலும் என்றாவது ஒருநாள் அதே மேசையில்தான் நிற்பேன். இப்போதைய நிறுவனத்திலும் அமைப்பு அதுதான்; நல்ல மனிதர் மேலாளராக இருப்பதால் பிரச்சினை வரவில்லை. பெருந்துறையில் தர மேலாளர் நேரே இயக்குநருக்குப் பதில் சொல்பவர். நேர்காணலில் வாய்மொழியாகச் சொன்னதை ஆஃபர் லெட்டரில் தேடினேன். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

புதன்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். ஆவணியில் சேர்ந்தால் நோட்டீஸ் காலமும் 240 நாள் கணக்கும் சேர்ந்தே முடிந்துவிடும் என்பதால் எனக்கும் அது பொருந்தி வருகிறது. கணவர் சொன்னது ஒன்றுதான்: "இந்தத் தடவ முறையா சொல்லிட்டு வா." நாளை ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறேன்.


2024 ஜூலை 15, திங்கள், இரவு 8.10

கொடுத்துவிட்டேன். இப்போதைய நிறுவன மேலாளர் படித்துவிட்டு, "எங்கயோ தப்புப் பண்ணிட்டமுங்களா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன், அது உண்மையும்கூட. 5,000 கூட்டித் தருகிறோம் என்றார். முடிவு செய்துவிட்டேன் என்றேன். ஆகஸ்ட் 16 வரை இருந்து, அடுத்தவருக்குப் பழக்கிவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் கேட்காவிட்டாலும் அதைச் செய்திருப்பேன். பெருந்துறைக்கும் ஒப்புதல் அனுப்பிவிட்டேன். இனி அவர்கள் இங்கே தாராளமாகப் பேசிக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதிவிட்டேன்.


2024 ஆகஸ்ட் 17, சனி, காலை 7.30

நேற்று மாலை ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் வாங்கினேன். பணிக்கொடையைக் கணக்குப் பிரிவு முதலில் மறுத்தது. 1998 தீர்ப்பின் நகலோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன், 30 நாளுக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை நிறுவனம் பதிவு செய்யாவிட்டால், இரண்டு மாதம் கழித்து நாமே யு.ஏ.என். தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அதையும் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

என் இடத்துக்கு வந்திருப்பவன் 24 வயதுத் தம்பி. நடந்துகொண்டிருந்த மூன்று லாட்டின் அறிக்கைகளையும் அவனோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். இரண்டு முடிந்துவிட்டன, இருவரும் கையெழுத்திட்டோம். மூன்றாவதில் 125 உருப்படியில் பெரிய குறை 8. தேறுவதற்கு 7-தான் வரம்பு. ரீசெக் செய்ய வேண்டும் என்று நானே எழுதி, என் பெயரில் கையெழுத்துப் போட்டு, மேலாளரின் கையெழுத்தையும் வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டேன். லைட் பாக்ஸ் அறையின் சாவியையும் சிவப்பு ஸ்டிக்கர் சுருளையும் அவன் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகப் பதிவேட்டில் எழுதி வாங்கினேன். ஆறரை மணிக்குத்தான் கிளம்ப முடிந்தது.

திங்கட்கிழமை 7.10-க்கு நால்ரோடு.